இயற்கை அமைத்த அணு உலை

சிங்கம்புணரியில் பெய்யும் மழைநீர் நிலத்துள் கசிந்து கிணறுகளில் ஊறுகின்றது. இங்ஙனம் கசிந்த நீர், ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் அணு உலையையே இயக்கிற்று என்றால் வியப்பன்றோ?

1972ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள், காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்தின் யுரேனியத்தை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 0.7202 பங்கு இருத்தற்குரிய யுரேனியம்-235 என்னும் வகை, 0.7171 பங்கே இருந்தது. மிகச் சிறிய இக்குறையை அவர்கள் புறக்கணித்தாரல்லர், காரணத்தைத் தேடினர். அணுப் பிளவில் தோன்றும் தனிமங்கள் அத்தாதுவில் காணப்பட்டன. ஆகவே, அங்கே முன்னரே அணுக்கள் பிளவுற்றமை புலனாயிற்று.

ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், யுரேனியத்தில் அவ்வகை நூற்றுக்கு 3 பங்குக்குக் குறையாமல் இருந்தது. நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்தது, பிளவு தொடர்ந்தது. வெப்பம் மிகவே நீர் ஆவியாயிற்று; பிளவு நின்றது. பாறை குளிர்ந்ததும் நீர் மீண்டும் ஊறிற்று. உலையும் மீண்டும் இயங்கிற்று. பல இலட்சம் ஆண்டுகள் இது நிகழ்ந்தது. இன்றோ அவ்வகை சிதைந்து அருகிவிட்டமையால், மண்ணுக்கடியில் இத்தகைய உலை தானே தோன்றுதல் இயலாது.

பிளவில் எஞ்சிய கழிவுப் பொருள்களிற் பல, பிறந்த இடத்தைவிட்டுப் பெரிதும் அகலவில்லை. அணுக் கழிவை எங்கே புதைப்பது எனக் கவலும் உலகிற்கு ஓக்லோ ஒரு பாடமாகும். சிறு வேறுபாட்டையும் கூர்ந்து நோக்கியவர்க்கே நிலம் தன் மறைபொருளை உணர்த்திற்று.