டைல்ஸ் 'டொக் டொக்'னு சத்தம் போட்டா...

பழைய வீட்டுல நடக்கும்போது ஒரு டைல்ஸ் ஆடுதா? ஓரத்துல வெள்ளை சிமெண்ட் பூசிச் சமாளிப்போம். ஆனா பிரச்சினை ஓரத்துல இல்ல, அடியில!

ஒரு நாணயத்தால தட்டிப் பாருங்க. 'டக்'னு கெட்டிச் சத்தம் வந்தா பிடிமானம் இருக்கு. 'டொக்'னு வந்தா கீழே வெற்றிடம். அங்கே சாக்பீஸால குறி போடுங்க.

ஏன் விட்டுப்போகுது? செராமிக் டைல்ஸ் கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சும். சிமெண்ட் பால் அதன் துளைகளில் இறங்கிப் பிடிக்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. வெறும் சிமெண்ட் அதுல சரியா பிடிக்காது. இடைவெளி விடாம பதிச்சிருந்தா, வெப்பத்துல விரிஞ்சு ஒண்ணையொண்ணு தள்ளி மேலே எழும்பும்.

சரிசெய்யும் முறை:

1. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கோங்க. சுற்றியிருக்கும் கிரவுட்டைச் சுரண்டிட்டு, டைல்ஸை மெதுவா நெம்பி எடுங்க. அதே டிசைன் இப்போ கடையில கிடைக்காம போகலாம்.

2. பழைய கலவையை உளியால கொத்தி, தூசியைத் துடைங்க. அடியில ஈரம் தெரிஞ்சா, முதல்ல குழாய்க் கசிவைப் பாருங்க.

3. டைல் அட்ஹெசிவை பல் கரண்டியால தரை முழுக்கப் பரப்புங்க. டைல்ஸின் முதுகிலும் மெல்லிசா தடவுங்க. நாலு மூலையில மட்டும் உருண்டை வைச்சா நடுவுல மறுபடியும் வெற்றிடம்தான்.

4. 2 மி.மீ. ஸ்பேசர் வைச்சு, ரப்பர் சுத்தியலால தட்டி மட்டம் பாருங்க.

5. 24 மணி நேரம் யாரும் மிதிக்கக் கூடாது. பிறகுதான் கிரவுட்.

தூக்கி நிற்கிற ஒரு ஓரம் போதும், பாட்டி கால் தடுக்கி விழ. செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனதும் தரையை ஒருமுறை தட்டிப் பாருங்க.