இடுப்பு மூட்டு மாற்றியவர் லயத்துக்குத் திரும்பும்போது

தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, தொடையெலும்பில் உலோகத் தண்டும் பந்தும், இடுப்பெலும்புக் குழியில் கிண்ணமும் பொருத்துகிறார்கள். 1962இல் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி செம்மைப்படுத்திய முறைதான் இன்றைக்கும் அடிப்படை. வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்த முதியவர்கள் பலருக்குப் பந்தை மட்டும் மாற்றுவார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் நடை பழக்குவது சமதரையில். அட்டனிலும் தலவாக்கலையிலும் தோட்ட லயத்து வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு முன்னால் இருப்பதோ படியும் சரிவும் ஈரமும். அதனால் வீட்டார்தான் முதலில் தயாராக வேண்டும்.

செய்ய வேண்டியவை

சத்திரசிகிச்சைக்கு முன்பே மலசலகூடத்தைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கொமட் இல்லாத வீட்டில், நடுவில் துளையிட்ட உறுதியான கதிரையைக் குழிக்கு மேல் வைக்கலாம். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கதிரை அசையவே கூடாது. பிடித்து எழும்பச் சுவரில் ஒரு குழாய் பொருத்துங்கள். மலசலகூடம் வெளியில் என்றால், இராத்திரிக்குக் காம்பிராவுக்குள்ளேயே வாளி வைத்த கதிரை போடுங்கள். மழையில், இருட்டில் மூட்டு மாற்றிய அம்மா தனியாக வெளியே போகவே கூடாது.

சொத்தைப் பல், சிறுநீர்க் கடுப்பு, ஆறாத புண் இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தக் கிருமி புது மூட்டிலும் போய்த் தங்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

இஸ்தோப்பில் தினமும் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும். கால் நாளங்களில் இரத்தம் உறையாமல் இருக்க நடையும் வேண்டும், வைத்தியர் தந்த மருந்தும் வேண்டும். நோவு குறைந்துவிட்டது என்று மருந்தை நடுவில் நிறுத்த வேண்டாம்.

வாக்கரை விட்டு ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறியதும், அதைச் சத்திரசிகிச்சை செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் சத்திரசிகிச்சை செய்த காலும் முதலில். பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

குந்தக்கூடாது. முழங்கால் இடுப்புக்கு மேலே போவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது: பின்பக்கமாகத் திறந்து மூட்டு மாற்றியவர்களுக்கு இந்த மூன்றினாலும் பந்து கழன்றுவிடலாம். பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் வரை கவனம் வேண்டும். உங்களுக்கு எவ்வளவு காலம் என்று கிளினிக்கில் கேளுங்கள். நம் வீடுகளில் இந்த அசைவுகளெல்லாம் அன்றாட வேலைக்குள்ளேயே இருக்கின்றன. அடுப்பு ஊதுவது, பலகையில் உட்கார்ந்து மரக்கறி வெட்டுவது, பீலியில் துணி அலசுவது, கீழே கிடக்கும் செருப்பை எடுப்பது. மருமகள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனபின் அம்மா சும்மா இருக்கமாட்டார். ஆயுள் முழுக்க உழைத்த உடம்பு அது. ஆகவே ‘வேலை செய்யாதீங்க’ என்று சொல்வது மட்டும் போதாது. தேவையானதை எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். கெண்டைக்காலில் இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடலாம். காயத்தில் மஞ்சளும் பச்சிலையும் வேண்டாம்.

பாசி பிடித்த குறுக்குப் பாதை வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பும் வேண்டாம்.

வைத்தியர் சொல்லாமல் கொழுந்துக்குப் போக வேண்டாம். பேர் (நாட்சம்பளம்) விழாவிட்டால் வீடு எப்படித் திணறும் என்பது தெரியும். ஆனாலும் நிறைந்த கூடையோடு சரிவில் இறங்குவது புது மூட்டுக்குப் பெரிய ஆபத்து. ஓய்வுக்கும் இலேசான வேலைக்கும் வைத்தியரிடம் கடிதம் கேட்டு வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள்.

உடனே 1990க்கு அழைக்க வேண்டியவை

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. திடீரென்று கால் குட்டையாகி, பாதம் திரும்பி, நிற்க முடியாமல் போவது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, காயத்தில் சீழும் காய்ச்சலும் இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்ஸுக்குப் பேசும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், வாகனம் எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காலை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள்.