இரும்புச் சத்து மிகுந்த கம்பு

இரத்த சோகை நம் கிராமங்களுக்குப் புதியதன்று. களையெடுப்பின்போது பாதி நாளிலேயே களைத்து வரப்பில் அமர்ந்துவிடும் பெண்களை நாம் அறிவோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுற்றவர்கள். தமிழ்நாட்டில் 53 பேர். காரணங்கள் பலவாயினும், உணவில் இரும்புச் சத்துக் குறைவது அவற்றுள் முக்கியமானதாகும். அரசு வழங்கும் மாத்திரைகளைத் தவறாது உண்ணவேண்டும். அத்துடன், அன்றாடம் உண்ணும் தானியத்திலேயே அச்சத்தைப் பெருக்க இயலுமா என்று பயிர்ப் பெருக்க அறிஞர்கள் ஆராய்ந்து கண்ட பயன்களுள் ஒன்றே இங்கு விளக்கப்படுகிறது.

எல்லாக் கம்பும் ஒன்றல்ல. ஒரு கிலோ தானியத்தில் 30 மில்லிகிராம் இரும்பு உடைய கம்பும் உண்டு. 100 மில்லிகிராம் உடையதும் உண்டு. நிறத்தையோ பருமனையோ கண்டு இதனை அறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில் அளந்தே அறியவேண்டும். களத்துத் தூசி தானியத்தில் ஒட்டியிருந்தால், மண்ணிலுள்ள இரும்பும் கணக்கில் சேர்ந்து ஆராய்ச்சியாளரையே ஏமாற்றிவிடும்! ஆகவே கதிரைத் தரையில் படாமல் அறுத்துத் தூய்மையாக உதிர்த்தே சோதிக்கின்றனர்.

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள டோகோ நாட்டிலும் அதன் அண்டை நாடுகளிலும் உழவர்கள் வழிவழியாகப் பயிரிட்டு வந்த 'இனியாடி' என்னும் நாட்டுக் கம்பு, குறுகிய வயதும் பருத்த மணியும் உடையது. அதிலிருந்து ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் தெரிந்தெடுத்த ஐ.சி.டி.பி. 8203 என்னும் ரகம், 1988-இல் சாகுபடிக்கு வந்தது. இதில் இரும்பு மிகுந்திருப்பது பின்னரே தெரியவந்தது. அதற்குள்ளேயே இரும்பு மிகுந்த செடிகளின் வழித்தோன்றல்களைப் பொறுக்கியெடுத்துத் தம்முள் கலக்கச் செய்து, 'தனசக்தி' என்னும் ரகத்தை உருவாக்கினர். இது 2012-இல் மகாராஷ்டிரத்தில் வெளியிடப்பட்டது. பிற உயிரின் மரபணுவைப் புகுத்தியதன்று. நம் முன்னோர் கதிர் பொறுக்கிய முறையேதான், அளவுகோல் மட்டும் புதிது.

தனசக்தியில் கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பும் 40 மில்லிகிராம் துத்தநாகமும் உள்ளன. தீட்டிய அரிசியில் உள்ள இரும்பு இதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. மகசூலும் தாய் ரகத்தைவிட நூற்றுக்கு 11 பங்கு மிகுதி. இது மிக முக்கியம். சந்தை வியாபாரி இரும்பைக் கண்ணால் காணமாட்டார். அதற்காகக் கூடுதல் விலையும் தரமாட்டார். சத்து உண்டு என்று கூறி, மகசூல் குறைந்த ரகத்தை உழவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

உண்டால் பலன் உண்டா? மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயது வரையுள்ள 246 பிள்ளைகளுக்கு நாள்தோறும் இருவேளை கம்பு ரொட்டி அளித்துச் சோதித்தனர். இரும்பு குறைந்திருந்த பிள்ளைகளுள், இந்த ரகத்தை உண்டவர்கள், சாதாரணக் கம்பை உண்டவர்களைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஆறு மாதத்தில் அக்குறை நீங்கப் பெற்றனர் என்று 2015-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இனி விதையைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. கம்புக் கதிரில் பெண் பாகம் முதலில் வெளிப்படும். மகரந்தம் சில நாள் கழித்தே வரும். ஆகவே காற்று கொணரும் அண்டை வயல் மகரந்தமே பெரும்பாலும் சூல் கொள்ளச் செய்கிறது. ஒருவர் மட்டும் தனசக்தி விதைத்து, சுற்றிலும் வேறு கம்பு நின்றால், அவர் எடுத்து வைக்கும் விதையில் இரும்பு ஆண்டுதோறும் குறைந்துவரும். கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது. விதைக்கென விடும் வயலுக்கு 200 மீட்டர் சுற்றளவில் வேறு கம்பு கூடாது. துண்டு நிலங்கள் மலிந்த நம் ஊர்களில் தனியொருவரால் இது ஆகாது. ஓர் ஓரத்து நிலத்தாரெல்லாம் ஒரே ரகம் போட இசைந்தால் ஆகும். விதைக்குரிய கதிர்களையும் வயலின் நடுவிலிருந்து, பல நூறு செடிகளில் பொறுக்கவேண்டும். சில செடிகளில் மட்டும் எடுத்தால் வீரியம் குன்றும்.

தமிழ்நாட்டுக்கும் பரிந்துரைக்கப்பட்ட எச்.எச்.பி. 299 போன்ற வீரிய ஒட்டு ரகங்களிலும் 73 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆனால் அவற்றின் விதையை ஆண்டுதோறும் வாங்கியே ஆகவேண்டும்.

வீட்டில் கவனிக்கவேண்டியவையும் சில. இரும்பு பெரும்பாலும் முளைக்கருவிலும் மேல் அடுக்கிலும் தங்கியிருப்பதால், வெண்மைக்காக மிகையாகக் குத்திப் புடைத்தால் அது தவிட்டுடன் போய்விடும். இரும்பை உடல் ஏற்காதவாறு தடுக்கும் ஒரு பொருளும் தானியத்தில் உண்டு. மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினால் அது குறைகிறது. கூழுடன் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பது நன்று. உணவுடன் தேநீர் அருந்தலாகாது. கம்பு மாவு விரைவில் கசந்துவிடுமாதலால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் கொள்க.