பேரொளிக்குப் பின்னே

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் விளக்குகள் எரியும் இரவில் வானை அண்ணாந்து நோக்குவார்க்குப் பால்வழி புலப்படுவதில்லை. அஃது அங்கு இல்லாமற் போகவில்லை; அருகிலுள்ள ஒளி அதனை மறைத்துவிடுகின்றது. விண்ணிலும் இத்தகைய மறைப்பு உண்டு. அதனைச் செய்வது குவாசர் என்னும் பொருள்.

குவாசர் என்பது யாது? பெரிய விண்மீன் திரள் ஒன்றன் நடுவே, ஞாயிற்றினும் பல கோடி மடங்கு நிறை வாய்ந்த கருந்துளை உறைகின்றது. அதனை நோக்கி விழும் வாயு சுழன்று, உராய்ந்து, வெம்மையுற்றுப் பேரொளி வீசுகின்றது. கருந்துளை தான் ஒளிர்வதன்று; அதற்கு இரையாகும் பொருளே ஒளிர்கின்றது என்பதை மாணவர் மறவாது கொள்க. அவ்வொளி, சூழ்ந்துள்ள திரளின் மீன்கள் அனைத்தின் ஒளியையும் விஞ்சி நிற்பதால், தொலைவில் அஃது ஒற்றை மீனாகவே தோன்றும். அவ்வாறு தோன்றிய 3சி 273 என்பது ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டுத் தொலைவினது என்பதை 1963ஆம் ஆண்டில் மார்ட்டன் ஷ்மிட் என்னும் அறிஞர் கண்டறிந்தார்.

நம் தமிழ்நாட்டிலும் குவாசர் ஆராய்ச்சி நடந்ததுண்டு. உதகையை அடுத்த முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970ஆம் ஆண்டில் வானொலித் தொலைநோக்கி ஒன்று அமைந்தது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். உதகையின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சரிந்த மலைச்சாரலைத் தேர்ந்து, அதன்மேல் வடக்குத் தெற்காகக் கருவியைக் கிடத்தினர். ஆகவே அதன் அச்சு நிலவுலகின் அச்சுக்கு இணையாயிற்று. அவ்வோரச்சிற் திருப்பியே விண்பொருளைப் பல மணிநேரம் தொடரலாம். மலையையே கருவியின் உறுப்பாக்கிய இத்திறம் வியக்கத்தக்கதன்றோ? திங்கள் குறுக்கே வந்து வானொலி மூலங்களை மறைக்கும் கணங்களை அளந்து, அவற்றின் அளவையும் வடிவையும் அங்கு ஆராய்ந்தனர்.

குவாசரைத் தாங்கும் திரளில் புது மீன்கள் பிறக்கின்றனவா என்பது வேறு வினா. குளிர்ந்த வாயுவும் தூசும் செறிந்த முகில்களிலேயே மீன்கள் பிறக்கும். இளமீன்களின் ஒளி தூசைச் சூடாக்க, தூசு அகச்சிவப்புக் கதிரை வீசும். அண்டம் விரிதலால் அக்கதிர் வழியிலேயே நீண்டு, மில்லிமீட்டர் அலையாக நம்மை எய்தும். அவ்வலையில் நோக்கின் குவாசரின் கண்கூச்சம் பெரிதும் தணியும். சிலி நாட்டில் 5000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளுடன் நிற்கும் அல்மா இப்பணிக்கு உரியது.

ஜே1148+5251 என்னும் குவாசரின் ஒளி ஏறத்தாழ 1280 கோடி ஆண்டுகட்கு முன் புறப்பட்டது. அதன் திரளில் கார்பன் மோனாக்சைடு வாயு இருத்தலை 2003ஆம் ஆண்டில் கண்டனர். தூசின் ஒளியைக் கொண்டு கணித்தபோது, ஆண்டொன்றுக்கு ஆயிரம் ஞாயிறுகளின் நிறை அளவுக்கு அங்கு மீன்கள் பிறத்தல் கூடும் எனத் தெரிந்தது. நம் பால்வழியிலோ ஆண்டுக்கு ஓரிரு ஞாயிறுகளின் நிறையே மீன்களாகின்றது. ஆயின் தூசைச் சூடாக்குவதில் குவாசருக்கும் பங்குண்டு. அப்பங்கைக் கழித்தாலன்றி இவ்வெண்ணை முழுதும் நம்புதல் தகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கருந்துளைக்கும் மீன்களுக்கும் இரை ஒன்றே, அது வாயு. சில குவாசர்களிலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரைவில் காற்று வீசி, வாயுவைப் புறந்தள்ளுகின்றது. அவ்வாயு திரளை விட்டே நீங்குமாயின் மீன் பிறப்பு ஒடுங்கும். மீண்டும் உள்ளே விழுமாயின் தொடரும். எத்திரளில் எது நிகழ்கின்றது என்பதையே அறிஞர் இன்று அளந்து வருகின்றனர்.