கணினிக் கிருமித் தடுப்பும் ப்ராக்ஸி இணைப்பும்



நெய்வேலி நகரிய வட்டங்களிலும் சரி, மந்தாரக்குப்பத்திலும் சரி, பில் போடுவது முதல் ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில் வரை நமக்கு இன்று கணினியில்தான் நடக்கிறது. கடையில் ஒன்று, குடோனில் ஒன்று, கணக்கரிடம் ஒன்று என வைத்திருப்போரில் சிலர், ஒரே கணினியின் வழியாக மற்றவை இணையத்துக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். நடுவில் நிற்பதற்குப் பெயர் ப்ராக்ஸி. மண்டித் தரகர் மாதிரி. நமக்கு வேண்டியதை அவர் போய் வாங்கி வருவார், விற்றவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

இங்கேதான் கவனம் வேண்டும். இணையப் பக்கங்களைச் சோதிக்கும் ஆண்டி வைரஸ்களில் சில, குறிப்பிட்ட வாசல் எண்களை மட்டும் காவல் காக்கும். சாதாரணப் பக்கத்துக்கு 80, பூட்டுக்குறி உள்ள பக்கத்துக்கு 443. ப்ராக்ஸியோ பெரும்பாலும் 8080 அல்லது 3128 என்ற எண்ணில் இயங்கும். காவலாளி முன்வாசலில் மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்க, சரக்கெல்லாம் பக்கவாசலில் இறங்குகிற கதைதான். எனவே ப்ராக்ஸியின் எண்ணையும் ஆண்டி வைரஸ் அமைப்பில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

ஆண்டி வைரஸ் தன் புதுப் பட்டியலை இறக்கிக்கொள்ளவும் ப்ராக்ஸி விவரத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கலாம். கொடுக்காவிட்டால், பணம் கட்டி வாங்கிய சரக்கு பழைய பட்டியலோடு சும்மா உட்கார்ந்திருக்கும்.

ப்ராக்ஸி இருக்கிறது, பயமில்லை என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. 2017 மே 12 அன்று கிளம்பிய வான்னாக்ரை கிருமியை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அக்கிருமி, பூட்டுமுன் ஓர் இணைய முகவரியைத் தொட்டுப் பார்க்கும். பதில் வந்தால் நின்றுவிடும். பிரிட்டனைச் சேர்ந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் அந்த முகவரியைப் பதிவு செய்ததும் பரவல் அடங்கியது. ஆனால் ப்ராக்ஸி வழியாக மட்டுமே இணையம் கிடைத்த இடங்களில் அந்தக் கிருமிக்கு வழி தெரியவில்லை. பதில் வராததால் அங்கே பூட்டிக்கொண்டே போனது! மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்ட திருத்தத்தைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அது தானாகப் புக முடியவில்லை. நம் பற்று வரவு ஏடு இப்படிப் பூட்டப்பட்டால், யாரிடம் எவ்வளவு பாக்கி என்று எதை வைத்துக் கேட்பது? வாரம் ஒரு முறை கணக்கை வேறொரு தட்டில் நகலெடுத்து, கழற்றி, பெட்டியில் வைப்பது நல்லது.

நாம் வைக்காத ப்ராக்ஸி எண் விண்டோஸ் அமைப்பில் தென்பட்டால், கிருமியே வைத்திருக்கலாம். உடனே விசாரியுங்கள்.

காவல் நடக்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற சோதனைக் கோப்பு உள்ளது. 68 எழுத்துகள்தான், தீங்கில்லாதது. ப்ராக்ஸி வழியாக அதை இறக்கிப் பாருங்கள். இறங்குமுன்பே தடுத்தால் இணையச் சோதனை வேலை செய்கிறது. இறங்கிய பிறகு எச்சரித்தால் கோப்புச் சோதனை மட்டும்தான் விழித்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், மென்பொருள் பொருத்தியவரைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டும்.