அழித்து நிறுவிய கணினியிற் பழைய மடல்கள்

கணினியின் இயங்குதளத்தை அழித்துப் புதிதாய் நிறுவுங்கால், கட்டுரைகளையும் படங்களையும் காப்பவர் பலர். மடல்களை நினைப்பவர் சிலரே. ஐமேப் முறையிற் பெறும் மடல் அஞ்சல் வழங்கியிலும் இருத்தலின் மீண்டும் வந்தடையும். பாப் முறையில் இறக்கி, வழங்கியினின்று நீக்கிய மடலோ அக்கணினியிலன்றி வேறெங்கும் இல்லை. அது மறைந்த பெற்றோர் எழுதியதாயின் அதற்கு ஈடு யாது?

2004-இல் 1.0 பதிப்பாய் வெளிவந்த தண்டர்பேர்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் அது மடல், முகவரி, அமைப்பு யாவற்றையும் ‘ஆப்டேட்டா’வினுள் ‘ரோமிங்’ என்னும் பகுதியிலே, தன் பெயருடைய கோப்புறையில் வைக்கின்றது. ‘ஆப்டேட்டா’ கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைக்கப்பட்டிருத்தல் நன்றன்று என்பதே எம் கருத்து. செயலியை மூடிவிட்டு, அக்கோப்புறை முழுவதையும் பென்டிரைவிற் படியெடுத்து, புதிதாய் நிறுவிய பின்னரும் செயலியை மூடியே வைத்து, முன்னிருந்த இடத்தில் இடுதல் வேண்டும். உள்ளிருக்கும் மடற்கோப்புறையை மட்டும் இட்டால் வெற்றுப் பெட்டியே தோன்றும். மடல் அழிந்ததன்று, எக்கோப்புறையைத் திறப்பதென்று செயலிக்குச் சுட்டும் ‘புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ’ என்னும் சிறு கோப்பு வேறிடத்தைக் காட்டுகின்றது, அவ்வளவே. கடவுச்சொற்கள் ‘கீ4.டிபி’, ‘லாகின்ஸ்.ஜேசன்’ என்னும் இரண்டையும் சார்ந்தன. ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது. ‘எம்எஸ்எஃப்’ என முடியும் அட்டவணைக் கோப்புகள் கெடினும் அஞ்சற்க. அவற்றைச் செயலி தானே மீண்டும் ஆக்கிக்கொள்ளும்.