கையில் தேய்க்கும் சானிடைசர் ரத்தத்தில் கலக்குமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடும்போது, ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிப் பேசினார். அவர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் உதவியாளர். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை.

"மேடம், வார்டுல ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு மேல சானிடைசர் போடுறோம். அதுல இருக்கிறது சாராயம்தானாமே? தோல் வழியா ஏறி தாய்ப்பாலுக்கும் போயிடும்னு சொல்றாங்க. அதனால யாரும் பார்க்காதப்ப நான் போடுறதில்ல" என்றார்.

சகோதரிகளே, அவர் பயந்த விஷயத்தில் ஆபத்து மிகக் குறைவு. பயத்தால் அவர் செய்த காரியத்தில்தான் ஆபத்து அதிகம். எப்படி என்று பார்ப்போம்.

சானிடைசரில் என்ன இருக்கிறது?

எத்தனால் என்ற ஆல்கஹால்தான் முக்கியப் பொருள். மதுவில் இருப்பதும் இதுவே. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கலவையில் 80 சதவீதம் எத்தனால் இருக்கிறது. தோல் வறளாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரினும் சேர்க்கிறார்கள்.

உடம்புக்குள் போகுமா?

போகும். ஆனால் மிக மிகக் கொஞ்சம். கையில் ஊற்றியதில் பெரும்பகுதி காற்றில் ஆவியாகிவிடும். நம் தோலின் மேல் அடுக்கு ஒரு வேலி மாதிரி தடுக்கும். மூச்சு வழியாகவும் சிறிதளவு உள்ளே போகும். உள்ளே போனதைக் கல்லீரல் கழித்துவிடும்.

ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 12 பேர் கலந்துகொண்டார்கள். அரை மணி நேரத்தில் 20 தடவை, தடவைக்கு 4 மி.லி. தேய்த்தார்கள். 95 சதவீத எத்தனால் தேய்த்தபோதும் 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 2 மில்லி கிராம்தான் ஏறியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30 மில்லி கிராம். அதில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான்! தாய்ப்பாலில் ஆல்கஹால் அளவு ஏறக்குறைய ரத்தத்தில் உள்ள அளவேதான் இருக்கும். ஆகவே பாலுக்குப் போவதும் அவ்வளவு சொற்பமே.

ஆனால் கை சுத்தமில்லாமல் வார்டில் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குக் கிருமி போனால்? அதே கையோடு நம் வீட்டுக்கும் வந்தால்? அதைத்தான் யோசிக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து எங்கே?

1. குடிப்பது. 2020-இல் ஆந்திராவின் குரிச்சேடு கிராமத்தில் சாராயத்துக்குப் பதில் சானிடைசர் குடித்துப் பத்து பேருக்கு மேல் இறந்தார்கள்.

2. மெத்தனால். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்த விஷம் இதுதான். இது தோல் வழியாகவும் ஏறும். தயாரிப்பாளர் பெயர், லைசென்ஸ் எண் இல்லாத மலிவு பாட்டிலை வாங்காதீர்கள்.

3. சிறு குழந்தைகள். காய்ச்சல் என்று ஸ்பிரிட்டில் துணி நனைத்து குழந்தையின் உடம்பெல்லாம் துடைக்கக் கூடாது. குழந்தையின் தோல் மெல்லியது. மூச்சு வழியாகவும் ஏறும். சாதாரணத் தண்ணீர் போதும்.

4. நெருப்பு. சானிடைசர் போட்ட ஈரக் கையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

• கை முழுவதும், விரல் இடுக்கிலும் தேய்த்து, தானாகக் காயும்வரை விடுங்கள். காய்ந்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.
• கையில் மண், சாணி, ரத்தம் இருந்தால் சானிடைசர் பயன்படாது. சோப்பும் தண்ணீரும்தான்.
• வீட்டு வேலைக்குச் சோப்பே போதும், செலவும் குறைவு.
• கை வெடித்து எரிந்தால் தேங்காய் எண்ணெய் தடவிப் படுங்கள். ஆறவில்லை என்றால் நர்ஸிடம் காட்டுங்கள்.
• பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் அந்தச் சகோதரி, "இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் ஏன் மேடம் விடப்போறேன்?" என்றார். நியாயமான கேள்வி. பயப்படுகிறவரைத் திட்டினால் பயம் போகாது. விளக்கிச் சொன்னால் போகும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. உங்கள் வீட்டு சானிடைசர், ஸ்பிரிட் பாட்டில் எங்கே இருக்கிறது?
2. எந்தெந்த நேரத்தில் சோப்புதான் போட வேண்டும்?
3. கேட்கக் கூச்சப்பட்டு, நாமே மனதில் வைத்திருக்கும் உடல்நலப் பயம் ஏதாவது உண்டா?